தொடாதே என்று சொல்லப்படும் ஏரி

லிபுலேக் கணவாய் வழியாகத் திபெத்துக்குள் இறங்கி, தக்லாகோட்டில் தங்கி உடம்பைப் பழக்கிக்கொண்டு, வடக்கே கயிலை அடிவாரத்து ஊரான டார்சனை நோக்கிக் கிளம்புகிற யாத்திரிகர்களுக்கு முதலில் காட்சி தருவது மானசரோவர் இல்லை. குர்லா கணவாயின் ஏற்றம் முடிந்து சாலை இறங்கத் தொடங்கியதும் இடப்பக்கம் கருநீலமாக ஒரு பெரிய ஏரி விரிகிறது. வானம் தெளிந்திருந்தால் அதற்கு அப்பால் கயிலையின் வெள்ளை முடியும் தெரியும். மானசரோவர் வந்துவிட்டதென்று நினைத்துக் கைகூப்புகிறவர்கள் உண்டு. வழிகாட்டி உடனே திருத்திவிடுவார். இது ராட்சஸ்தால், இராவணன் தவம் செய்த ஏரி, இறங்கிப் பார்க்கலாம், படம் எடுக்கலாம், தண்ணீரை மட்டும் தொட வேண்டாம்.

அதோடு சேர்த்துச் சொல்லப்படும் செய்திகள் பெரும்பாலும் இவைதான். நீர் நஞ்சு. மீன் இல்லை, பறவை வராது, கரையில் புல் முளைக்காது. கடல்போல் உப்பு. குளித்தால் புத்தி பேதலிக்கும். மானசரோவர் பிரம்மனின் மனத்தில் பிறந்தது, இதுவோ அரக்கன் உண்டாக்கியது. இவற்றில் சில பழைய மரபு, சில அண்மைக்காலப் பேச்சு, சில அப்பட்டமான தவறு. பிரித்துப் பார்க்காமல் கேட்டுக்கொண்டு வருவதால், பத்து நிமிடம் படம் எடுத்துவிட்டு மானசரோவருக்கு விரைகிறார்கள். அந்த மானசரோவர் நன்னீராக நிலைத்திருப்பதற்கு இந்தக் கெட்ட பெயர் எடுத்த ஏரியும் ஒரு முக்கியக் காரணம் என்பது தெரியாமலே ஊர் திரும்புகிறார்கள். எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது.

முதலில் இடத்தின் அமைப்பு. தெற்கே 7,694 மீட்டர் உயரமுள்ள குர்லா மாந்தாதா. வடக்கே 6,638 மீட்டர் உயரமுள்ள கயிலை. இரண்டுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் கிழக்குப் பக்கம் மானசரோவர், மேற்குப் பக்கம் ராட்சஸ்தால். மானசரோவரின் பரப்பு சுமார் 410 சதுர கிலோமீட்டர், ராட்சஸ்தாலின் பரப்பு சுமார் 250. மானசரோவர் ஏறக்குறைய வட்டம். ராட்சஸ்தால் வடக்கே ஒடுங்கி, தெற்கே அகன்று, வளைவும் நெளிவும் குடாவுமாகக் கிடக்கிறது. திபெத்தியர்கள் முன்னதைச் சூரியனாகவும் பின்னதைப் பிறைச் சந்திரனாகவும் பார்த்ததற்கு இந்த வடிவமே போதும். சூரியன் பகலின் பக்கம், சந்திரன் இரவின் பக்கம். ஒளியும் இருளுமாக இரண்டையும் ஜோடி சேர்த்த கற்பனை அங்கிருந்து கிளைத்தது.

இரண்டு ஏரிகளையும் சில கிலோமீட்டர் அகலமுள்ள குன்றுகள் பிரிக்கின்றன. பெரும்பாலோர் கவனிக்காத விஷயம் மட்டம். மானசரோவரின் நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,590 மீட்டர். ராட்சஸ்தால் அதைவிட ஏறத்தாழ 15 மீட்டர் தாழ்வு. இந்த 15 மீட்டரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். புராணத்தை முடித்துவிட்டு இதற்கே திரும்பி வர வேண்டியிருக்கிறது.

இராவணன் கதையை எடுத்துக்கொள்வோம். யாத்திரையில் சொல்லப்படும் வடிவம் இது: சிவனை நோக்கி இராவணன் இந்த ஏரிக்கரையில் தவம் இருந்தான், நாளுக்கு ஒரு தலையாக அறுத்துப் படைத்தான், பத்தாவது தலையை அறுக்கப் போகையில் சிவன் தோன்றி வரம் தந்தார். ஏரியில் இருக்கும் தீவுகளில் ஒன்றில்தான் அந்தப் பலி நடந்தது என்றும் சேர்த்துச் சொல்வார்கள்.

வால்மீகி இராமாயணத்தின் உத்தர காண்டத்தில் தலைகளை அறுத்துப் படைக்கும் தவம் வருகிறது. ஆனால் அது நடப்பது கோகர்ணத்தில். வரம் கேட்கப்படுவது பிரம்மனிடம். ஆயிரம் ஆண்டுக்கு ஒரு தலையாக ஒன்பதாயிரம் ஆண்டுகளில் ஒன்பது தலைகள் தீயில் விழுகின்றன. பத்தாவது தலைக்குக் கத்தியை எடுக்கும்போது பிரம்மன் வருகிறார். கயிலைக்கு இராவணன் வருவது அதற்கும் பிந்தி, குபேரனிடமிருந்து புஷ்பக விமானத்தைப் பறித்துக்கொண்ட பிறகு. சரவணப் பொய்கை அருகே விமானம் நின்றுவிடுகிறது. நந்தி வழிமறிக்கிறார். குரங்கு முகம் என்று அவரைப் பார்த்துச் சிரித்துச் சாபம் வாங்குகிறான். மலையைப் பெயர்க்கிறான், சிவன் கால் பெருவிரலால் அழுத்துகிறார், கைகள் நசுங்கி அலறுகிறான். ஆயிரம் ஆண்டுகள் துதித்த பின் விடுதலையும், சந்திரஹாசம் என்ற வாளும், இராவணன் என்ற பெயரும் கிடைக்கின்றன. இந்தக் காட்சிகள் எதிலும் அரக்கர் ஏரி என்று ஒன்று இல்லை. பிரம்மனின் மனத்திலிருந்து பிறந்த மானஸ ஏரி பால காண்டத்திலேயே வந்துவிடுகிறது. அதன் இணையைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஆக, ராட்சஸ்தாலோடு ஒட்டிய கதை கோகர்ணத் தவத்தையும் கயிலை எடுப்பையும் ஒன்றாகக் கலந்த தலமரபு. தலமரபு என்பதால் மட்டம் என்று நான் சொல்லவில்லை. ஓரிடத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் அந்த இடத்துக்குப் பொருத்தமாகக் கதையை நகர்த்திக்கொள்வது எல்லாத் தலங்களிலும் நடப்பதுதான். கயிலையை நேருக்கு நேர் காட்டுகிற கரை, குடிக்க உவப்பில்லாத நீர், ஆளரவமற்ற தீவுகள், நாள்பட அடிக்கும் காற்று. கடுந்தவத்துக்கு இதைவிட ஏற்ற இடம் அந்தப் பக்கத்தில் கிடையாது.

நம்மைப் பொறுத்தவரை இன்னொன்றும் இருக்கிறது. தமிழ்ச் சைவத்தில் இராவணன் தீண்டத்தகாதவன் இல்லை. சம்பந்தர் பதிகங்களில் எட்டாம் பாட்டு வழக்கமாகவே இராவணன் மலை எடுத்து நொந்து பாடி அருள் பெற்றதைச் சொல்வது. மதுரையில் பாடிய நீற்றுப் பதிகத்தில் ‘இராவணன் மேலது நீறு’ என்றே அந்தப் பாட்டு தொடங்குகிறது. அவன் நெற்றியில் இருந்த திருநீற்றை எடுத்துக்காட்டி, எண்ணத் தகுவது என்று புகழ்கிறார். அடக்கப்பட்ட அகந்தை, அதன் பின் இசை, அதன் பின் அருள் என்பதுதான் தேவாரத்தின் வரிசை. நம் சிவாலயங்களின் பெருவிழாவில் கயிலையைத் தாங்கும் பத்துத் தலை இராவணன் மேல்தான் சுவாமி வீதிவலம் வருகிறார். காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயிலிலும் திருவண்ணாமலையிலும் அந்த வாகனத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்கள், அவன் தவம் செய்ததாகச் சொல்லப்படும் நீரைக் கண்டு முகம் சுளிப்பது நம் மரபுக்கே பொருந்தாது. ‘அரக்கன் ஏரி, அதனால் அசுத்தம்’ என்ற வழிகாட்டிப் பேச்சை நம் ஊர்க்காரர்கள் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

பௌத்தத்தின் பக்கம் வேறு கணக்கு. பாலி நூல்களில் அனோதத்தம் என்றொரு ஏரி வருகிறது. சூடறியாத, கலங்காத நீர். புத்தர் கருவில் வருமுன் மாயாதேவி கண்ட கனவில், திசைக் காவலர்கள் அவளைப் படுக்கையோடு இமயத்துக்குத் தூக்கிப் போகிறார்கள், தேவ மகளிர் அனோதத்தத்தில் நீராட்டுகிறார்கள், அதன் பிறகுதான் வெள்ளை யானை. இந்த அனோதத்தத்தை மானசரோவரோடு அடையாளப்படுத்துவது நெடுநாள் வழக்கம். ஏரியிலிருந்து நான்கு விலங்குகளின் வாய் வழியாக நான்கு ஆறுகள் பாய்வதாகச் சொல்லும் பழைய வருணனையும் திபெத்தில் அப்படியே நிலத்தில் பொருத்தப்பட்டது. சட்லெஜ் யானை வாயிலிருந்து, சிந்து சிங்க வாயிலிருந்து, பிரம்மபுத்திரா குதிரை வாயிலிருந்து, கர்ணாலி மயில் வாயிலிருந்து. புனிதமானதற்கு இவ்வளவு விரிவான வரைபடம் கிடைத்துவிட்ட பிறகு, ஒட்டியிருக்கும் இரண்டாவது ஏரிக்கும் ஏதாவது ஒரு பங்கு கொடுத்தாக வேண்டும். இருளின் பங்கு அதன் தலையில் விழுந்தது. திபெத்தியர்கள் அதை லாங்காக் சோ என்கிறார்கள். நஞ்சும் கருமையும் அந்தப் பெயரோடு சேர்த்தே பேசப்படுகின்றன.

பங்கு பிரித்ததன் அடையாளம் கரையில் இன்றும் தெரியும். மானசரோவரைச் சுற்றி எட்டு மடங்கள் இருந்தன, 88 கிலோமீட்டர் அளவுள்ள வலம் வரும் பாதையும் உண்டு. ராட்சஸ்தாலுக்கு வடமேற்கே ஒரே ஒரு மடம். அதை வலம் வரும் வழக்கமும் கிடையாது. ஆனாலும் அந்த ஒரு மடம் இருக்கிறதே என்பதைக் கவனிக்க வேண்டும். திபெத்திய பௌத்தத்தில் அரக்கர்களை அழித்து ஒழிப்பது வழக்கமில்லை. திபெத்தில் பௌத்தத்தைப் பரப்பிய குரு பத்மசம்பவர் அவர்களை அடக்கி, சத்தியம் வாங்கி, தர்மத்தின் காவலர்களாக ஆக்கினார் என்பதே திரும்பத் திரும்ப வரும் கதை. அவர் தம் கடைசி ஏழு நாட்களைக் கழித்ததாகச் சொல்லப்படும் குகை சியூ கோம்பா என்ற மடத்தில் இருக்கிறது. சியூ கோம்பா இரண்டு ஏரிகளுக்கும் நடுவே, மானசரோவரிலிருந்து நீர் வெளியேறும் வாய்க்குப் பக்கத்துக் குன்றில் நிற்கிறது. அந்த வாயிலிருந்து ராட்சஸ்தாலுக்கு ஓடும் சுமார் 10 கிலோமீட்டர் நீளக் கால்வாய்தான் கங்கா சூ.

கங்கா சூ பற்றித் திபெத்தில் ஒரு கதை உண்டு. முன்பு ராட்சஸ்தால் அரக்கர்களின் இருப்பிடமாக இருந்தது, யாரும் அதன் நீரைக் குடிக்கவில்லை. மானசரோவரில் இருந்த இரண்டு தங்க மீன்களுக்குள் சண்டை வந்தது. ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு கரையை உடைத்து ராட்சஸ்தாலுக்குள் பாய்ந்தன. அவை போன தடமே கங்கா சூ. அதன் வழியே மானசரோவரின் நீர் வந்து கலந்த பின் ராட்சஸ்தாலும் புனிதமாயிற்று. இந்தக் கதையின் கடைசிப் பகுதியை எந்த வழிகாட்டியும் சொல்வதில்லை. அரக்கர், நஞ்சு என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். கதையை முழுதாகச் சொன்னால், சாபம் தீர்ந்த ஏரியைத்தான் நாம் பார்க்கிறோம்.

கால்வாயில் நீர் ஓடினால் திபெத்துக்கு நல்லது, வறண்டால் கெடுதல் என்று அங்குள்ளவர்கள் சகுனம் பார்ப்பார்கள். கால்வாயும் அதற்கேற்றபடி ஓடியும் ஒளிந்தும் இருக்கிறது. 1812-ல் வில்லியம் மூர்கிராஃப்ட் இந்து சந்நியாசி வேடத்தில் இங்கு வந்து தேடியபோது மானசரோவரிலிருந்து வெளியேறும் ஓடை எதுவும் அகப்படவில்லை. 1846-ல் ஹென்ரி ஸ்ட்ரேச்சி வந்தபோது சுமார் 100 அடி அகலத்தில், 3 அடி ஆழத்தில் ஓடிக்கொண்டிருந்தது. 1907-ல் சுவீடன் நாட்டுப் பயண ஆய்வாளர் ஸ்வென் ஹெடின் பார்த்தபோது மறுபடியும் வறட்சி. ஒருவர் பார்த்ததை இன்னொருவர் பொய் என்றார்கள். எல்லோரும் சொன்னது உண்மைதான், ஆண்டுகள்தான் வேறு.

நம் ஊர் ஏரிப்பாசனம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க ஒரு வரி போதும். மேல் ஏரி நிரம்பிக் கலிங்கு வழிந்தால் மறுகாலில் தண்ணீர் கீழ் ஏரிக்கு வரும். நிரம்பாத ஆண்டில் மறுகால் காய்ந்து கிடக்கும். மானசரோவர் மேல் ஏரி, ராட்சஸ்தால் கீழ் ஏரி, கங்கா சூ மறுகால். முன்பு சொன்ன 15 மீட்டர் சரிவு இதற்குத்தான். மானசரோவரின் வாயில் அலையும் காற்றும் சேர்த்த மணல்மேடு கலிங்குபோல் நிற்கிறது. பனி உருகலும் கோடை மழையும் சேர்ந்து நீர்மட்டம் அந்த மேட்டைத் தாண்டினால் வழியும். அந்தப் பகுதி இமயத்தின் மழைமறைவுப் பக்கம். அங்கே சில நல்ல ஆண்டுகள் தொடர்ந்து வந்தாலொழிய இது நடக்காது. மேலே வழியாத காலத்திலும் நிலத்தடியில் கசிவு உண்டு.

உப்பின் காரணமும் இங்கேயே இருக்கிறது. மலையிலிருந்து இறங்கும் எந்த நீரிலும் பாறையிலிருந்து கரைந்த உப்புகள் சிறிதளவு இருக்கும். ஏரிக்கு ஒரு போக்கு இருந்தால் அந்த உப்பும் நீரோடு வெளியேறிவிடும். போக்கு இல்லையென்றால் வெயிலும் காற்றும் நீரை மட்டும் எடுத்துக்கொள்ளும், உப்பு தங்கிவிடும். மானசரோவருக்கு வழிந்தும் கசிந்தும் போக ராட்சஸ்தால் இருக்கிறது. ராட்சஸ்தாலுக்குக் கீழே இன்று தரைமேல் ஓடும் போக்கு எதுவும் இல்லை. அதன் வடமேற்கு முனையிலிருந்து சட்லெஜை நோக்கிப் போகும் பழைய ஆற்றுத்தடம் வறண்டு கிடக்கிறது. மேல் ஏரி தள்ளிவிடும் உப்பு, தன் பங்குக்கு வரும் உப்பு இரண்டையும் கீழ் ஏரி வாங்கி வைத்துக்கொள்கிறது. அதனால்தான் ஒன்று இனிப்பு, மற்றது கரிப்பு.

கரிப்பு என்றாலும் கடல் உப்பு இல்லை. கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவுக்கு உப்பு இருக்கும். ராட்சஸ்தால் அதன் பக்கத்தில்கூட வராது. சற்றே சப்பென்று, கிணற்று உவர்நீர் வகை. நெடுங்காலமாக மூடிக்கிடந்த ஏரி என்றால் இந்நேரம் திபெத்தின் மற்ற உப்பேரிகளைப்போல் கரையெல்லாம் உப்புப் பாளமாக இறுகியிருக்க வேண்டும். அப்படி ஆகவில்லை என்பதை வைத்தே ஹெடின், இந்த ஏரிக்கு நிலத்தடியில் ஒரு போக்கு இருக்கிறது, அதுவே சட்லெஜுக்கு ஊற்றாகிறது என்று வாதிட்டார். சட்லெஜின் தொடக்கம் எது என்பதில் கருத்து வேறுபாடு இன்றும் தீரவில்லை. துல்சு கோம்பா அருகேயுள்ள ஊற்றுகளைத்தான் திபெத்தியர்கள் யானை வாய் என்கிறார்கள். உப்பின் அளவை வைத்து ஏரியின் வரலாற்றைப் படித்த அந்த முறை எனக்கு இன்றும் சரியாகவே படுகிறது.

மீன் இல்லை என்பது தவறு. இரண்டு ஏரிகளிலும் மீன் உண்டு. மானசரோவரில் அலை ஒதுக்கும் மீனைத் திபெத்தியர்கள் பிரசாதம்போல உலர்த்தி எடுத்துப் போவார்கள். ராட்சஸ்தால் மீனுக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை, அவ்வளவே. பறவை வராது என்பது இன்னும் பெரிய தவறு. ஏரிக்குள் உள்ள தீவுகளில் லாசாட்டோ, டோப்சர்மா என்ற இரண்டும் தெரிந்தவை. மனித நடமாட்டமும் நரியும் எளிதில் எட்டாத இடமாதலால் லாசாட்டோவில் வாத்தினங்கள் கூட்டமாக முட்டையிடுகின்றன. பிறந்தது ஆந்திரமானாலும் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கயிலை வட்டாரத்துக்கே கொடுத்த சுவாமி பிரணவானந்தர், 1937-ல் உறைந்த ஏரியின் மேல் நடந்தே இந்தத் தீவுகளுக்குப் போய் வந்தார். மானசரோவர் கரை மடம் ஒன்றில் குளிர்காலம் முழுக்கத் தங்கி இரண்டு ஏரிகளின் பனிக்கட்டியையும் நாள்வாரியாகக் கவனித்தவர் அவர். ராட்சஸ்தால் சுமார் இரண்டு வாரம் முன்னதாக உறைகிறது, உடைவதும் பிந்தித்தான் என்பது அவர் குறிப்பு. முன்னதாக உறைவதற்கு ஆழக்குறைவும், காற்று புகாத குடாக்களும் காரணமாக இருக்கலாம். அப்படி உறைந்த காலத்தில் யாக்குகளைத் தீவுகளுக்கு ஓட்டிப்போய் மேய்ப்பது அங்குள்ளவர்கள் வழக்கம். நஞ்சு என்று நம்பினால் யாரும் தம் மாட்டை அங்கே ஓட்டமாட்டார்கள்.

கெட்ட பெயர் எப்படிச் சேருகிறது என்பதற்கு ஏரிகளுக்கு நடுவிலேயே இன்னொரு சாட்சி இருக்கிறது. கங்கா சூவுக்கு வடக்கே பழைய தங்கச் சுரங்கக் குழிகள் உள்ளன. ஒருமுறை நாய் அளவுள்ள தங்கக் கட்டி கிடைத்ததாகவும், அதை எடுத்த இடத்திலேயே புதைத்துச் சோர்டன் என்ற ஸ்தூபி கட்டியதாகவும் சொல்கிறார்கள். அந்த இடத்தின் பெயர் சேர்கா கீரோ. 1900 வாக்கில் தோண்டியபோது தொழிலாளர்களிடையே பெரியம்மை பரவியது. சுரங்கத்துத் தேவதையின் கோபம் என்று வேலையை நிறுத்திவிட்டார்கள். நோய் உண்மை, மரணம் உண்மை. காரணம் மட்டும் மண்ணின் மேல் போடப்பட்டது.

இன்றைய யாத்திரிகர்கள் விஷயத்திலும் இதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். தக்லாகோட் சுமார் 3,900 மீட்டர். அங்கிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வண்டி 4,700 மீட்டரைத் தாண்டிவிடுகிறது. காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 57 சதவீதம்தான். தலைவலி, குமட்டல், எரிச்சல், தூக்கமின்மை, முன்னுக்குப் பின் முரணான பேச்சு எல்லாம் ஏற்றத்துக்குச் சில மணி நேரம் கழித்துத் தலைகாட்டும். முதலில் நின்ற இடம் ராட்சஸ்தால். அன்று மாலை ஒருவருக்கு உடம்பு படுத்தினால், ‘ஏரியில் கை நனைத்தாரே’ என்று கணக்குச் சரியாகப் பொருந்திவிடும். இதில் ஆபத்து என்னவென்றால், உயர நோயை இராவணன் கணக்கில் எழுதிவிட்டால் வைத்தியம் தாமதமாகும். தலைவலி மட்டும் என்றால் மேலே ஏறாமல் ஓய்வு. நடை தள்ளாடினால், பேச்சுக் குழறினால், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமலில் நுரை வந்தால், அன்றே தக்லாகோட் பக்கம் கீழே இறக்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அசெட்டசோலமைடு மாத்திரை 125 மில்லிகிராம் காலை மாலை என்பது வழக்கமான தடுப்பளவு. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

தண்ணீரைத் தொடலாமா? தொட்டால் ஒன்றும் ஆகாது. குடிக்க வேண்டாம், ஆனால் காரணம் அரக்கன் இல்லை. தாது உப்பு மிகுந்த நீர் பழகாத வயிற்றைக் கலக்கும், மேய்ச்சல் மாடுகளின் கழிவும் கரையில் கலக்கிறது. இதே எச்சரிக்கை மானசரோவருக்கும் பொருந்தும். புனித நீர் என்று அப்படியே அள்ளிக் குடித்து வயிற்றுப்போக்கோடு பரிக்கிரமாவுக்கு, அதாவது கயிலையை வலம் வர, போகிறவர்கள் வழியில் படும் பாடு கொஞ்சமல்ல. அந்த உயரத்தில் தண்ணீர் 85 பாகை செல்சியஸ் அருகிலேயே கொதித்துவிடும், ஆகவே கொதி வந்ததும் இறக்காமல் 3 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். குழுவில் பெரியவர்கள் தொட வேண்டாம் என்று சொன்னால் வாதம் செய்யாமல் கரையில் நின்று வணங்குவதே நல்லது. அவர்கள் மனம் நோவதால் யாருக்கும் லாபம் இல்லை.

நேரம் முக்கியம். திபெத்தில் பெய்ஜிங் நேரம், நம்மைவிட இரண்டரை மணி முன்னால். ஜூன் மாதத்தில் அங்கே கடிகாரம் ஏழரை காட்டும்போதுதான் சூரியன் எட்டிப்பார்க்கும். அதிலிருந்து நண்பகல் வரை காற்று அடங்கியிருக்கும், கயிலையின் தெற்கு முகம் தெளிவாகத் தெரியும், ஏரியின் நீலம் கரையோரத்தில் வெளிறி நடுவில் கறுப்பாக ஆழ்வதையும் அப்போதுதான் பார்க்க முடியும். பிற்பகலில் காற்று எழுந்தால் அலை கரையில் அறையும், கண்ணில் மணல் விழும். கரை பல இடங்களில் மென்மையான சேறும் கூழாங்கல்லும். உலர்ந்த விளிம்பில் வெளேரென்று தெரிவதை நம்பிக் காலை வைத்தால் கணுக்கால்வரை புதையும். வண்டி நிற்கும் மேட்டிலிருந்து இறங்குவது எளிது. திரும்ப ஏறும்போதுதான் மூச்சு இரைக்கும், ஆகவே வந்த வேகத்தில் ஓடாதீர்கள்.

வெளியுறவு அமைச்சகம் நடத்தும் யாத்திரை 2020 முதல் நின்றிருந்து, 2025-ல் மீண்டும் தொடங்கியது. அந்த ஆண்டு லிபுலேக் வழியில் 50 பேர் கொண்ட 5 குழுக்கள், நாதுலா வழியில் 10 குழுக்கள். வயது 18 முதல் 70 வரை, உடல் நிறை குறியீட்டெண் 25-க்குள். ராட்சஸ்தாலை முதலில் காண்பது லிபுலேக் வழியினருக்கும், நேபாளத்தின் ஹில்சா வழியாகத் தக்லாகோட் வருகிறவர்களுக்கும்தான். நாதுலா வழியிலும் நேபாளத்தின் கேரூங் வழியிலும் கிழக்கிலிருந்து வருவதால் மானசரோவர் முதலில் வரும். அவர்கள் கேட்டால்தான் ராட்சஸ்தால் கரைக்கு வண்டி போகும். முன்கூட்டியே ஏற்பாட்டாளரிடம் சொல்லி வையுங்கள். மானசரோவரில் இறங்கிக் குளிப்பதற்குச் சில ஆண்டுகளாகவே தடை இருக்கிறது, வாளியில் மொண்டு வந்துதான் குளிக்க வேண்டும்.

நேரம் ஒதுக்க முடிந்தால் சியூ கோம்பா குன்றில் ஏறுங்கள். கீழே கங்கா சூ தொடங்கும் இடத்தைப் பார்க்கலாம். பாலத்தருகே நீர் தேங்கியிருப்பதைக் கண்டு, கால்வாய் ஓடுகிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அங்கே வெந்நீர் ஊற்றுகள் உள்ளன. வறண்ட ஆண்டிலும் அவற்றின் நீர் குட்டை குட்டையாக நிற்கும், சில இடங்களில் மெல்ல நகரவும் செய்யும். ஊற்றுகளைத் தாண்டி மானசரோவர் பக்கமாகப் போய், மணல்மேட்டுக்கு மேலே ஏரி நீர் வழிகிறதா என்று பார்க்க வேண்டும். கையை வைத்துப் பார்த்தால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும், நீரோட்டம் மேற்கு நோக்கி இருக்க வேண்டும். அப்படி இருந்தால் அந்த ஆண்டு மானசரோவர் நிரம்பி ராட்சஸ்தாலுக்குப் பாய்கிறது என்று அர்த்தம். மடத்துத் துறவியிடம் அதைச் சொன்னால் மகிழ்ச்சியோடு கேட்டுக்கொள்வார்.